இலை வண்ண அட்டையைக் கைவிடாதீர்கள், படத்துக்குள் கொண்டுவாருங்கள்

தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்களுக்கும்,

வணக்கம்.

நெல் இலையைச் செல்போனில் படம் பிடித்துப் பச்சையத்தைக் கணித்து, யூரியா எவ்வளவு போடலாம் என்று சொல்லும் செயலிகள் வந்துகொண்டிருக்கின்றன. வரவேற்க வேண்டிய விஷயம். இலையில் கவ்வவிட்டுப் பச்சையத்தை அளக்கும் ஸ்பேட் மீட்டர் என்னும் கருவி சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. இலையை ஆய்வகத்துக்கு அனுப்பி, 80 சதவீத அசிட்டோனில் அரைத்து, அந்தச் சாறு 645, 663 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து முடிவு கைக்கு வருவதற்குள் தூர் கட்டும் பருவம் தாண்டிவிடும். கையிலிருக்கும் போனே அளந்து சொன்னால் பெரிய உபகாரம். ஆனால் போன் கேமராவை அளக்கவென்று யாரும் செய்யவில்லை. படம் கண்ணுக்கு அழகாகத் தெரியவே செய்திருக்கிறார்கள்.

படம் முழுக்கப் பயிர்ப் பச்சையாக இருந்தால், வெளிச்சமே பச்சை என்று எண்ணிக்கொண்டு கேமரா தானாக நிறத்தைத் திருத்திவிடும். ஒரே இலையை வரப்பு மண்மேல் வைத்து எடுத்தால் ஒரு பச்சை, பயிருக்கு நடுவே வைத்து எடுத்தால் வேறு பச்சை. மேகம் மூடினால் இன்னொன்று. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் வேளாண் அலுவலருக்கு அனுப்பினால், கோப்பைச் சுருக்கும்போது நிறத்தின் நுணுக்கம் மேலும் போய்விடுகிறது. இப்படி வந்த எண்ணை நம்பி எப்படி உரம் போடுவது?

இந்தச் சிக்கலுக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டைதான் அது. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, நம் நிழல் இலைமேல் விழ, மேலிருந்து மூன்றாவது இலையை அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். பத்து இடத்தில் பார்த்து, ஆறு இடத்திலாவது இலையின் நிறம் ரகத்துக்குரிய அட்டை எண்ணைவிடக் குறைந்திருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மேலுரம். அந்த எண் வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. இலையும் அட்டையும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதால் வெளிச்சத்தின் கோளாறு இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. இலையை மட்டும் படம் பிடிக்கச் சொல்லும் செயலிகள் அதைத்தான் விட்டுவிடுகின்றன.

ஆகவே என் முதல் கோரிக்கை: படத்துக்குள் இலை வண்ண அட்டை இல்லாவிட்டால் உர அளவு சொல்லக் கூடாது என்று விதி வகுங்கள்.

அட்டை இருந்தாலும் படத்துக்கு ஓர் எல்லை உண்டு. பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். இலை ஓரளவு கரும்பச்சை ஆனதும் சிவப்பில் உறிஞ்சல் ஏறக்குறைய நிறைந்துவிடுவதால், அதற்குமேல் பச்சையம் கூடினாலும் படத்தில் பெரிய மாற்றம் தெரியாது. வெளிறிய இலையைப் படம் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். யூரியா மிஞ்சிய இலையைக் கண்டுபிடிப்பதில் தடுமாறும். குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வருவது அப்படி யூரியா மிஞ்சிய வயலைத்தான். விவசாயிக்கு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மஞ்சள் எல்லாமே தழைச்சத்துக் குறையும் அல்ல. அடியிலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. குருத்திலை வெளுத்தால் இரும்புக் குறையாகவோ கந்தகக் குறையாகவோ இருக்கலாம். துங்ரோ என்னும் வைரஸ் நோய் தாக்கினாலும் இலை மஞ்சள், ஆரஞ்சு நிறமாகும். அந்த வயலில் யூரியாவைக் கொட்டி என்ன பயன்? எந்த இலை, நட்டு எத்தனை நாள், என்ன ரகம் என்று கேட்காமல் செயலி வாய் திறக்கக் கூடாது. ஐயம் இருந்தால் ‘அலுவலரைப் பாருங்கள்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளட்டும்.

பல்கலைக்கழகத்திடம் ஒன்று கேட்கிறேன். நம் ரகங்களின் இலைகளை, விவசாயிகள் வைத்திருக்கும் மலிவான போன்களிலேயே அட்டையோடு படமெடுத்து, அதே இலைகளின் பச்சைய அளவை அசிட்டோன் முறையில் கண்டு, இரண்டையும் சேர்த்துப் பொதுவில் வெளியிடுங்கள். வேறு நாட்டு நெல்லில் பழக்கிய கணக்கு வெளிர்பச்சையான வெள்ளைப் பொன்னிக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செயலி செய்வோர் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளவும் அதுவே உரைகல்லாகும்.

சம்பா நடவுக்கு முன் விதியையாவது அறிவித்துவிடுங்கள். தரவு அடுத்த பருவத்துக்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
பயிர் வினையியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்