பூங்காவுக்கு வராதவர்களையும் கேளுங்கள்: மறுவடிவமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா மறுவடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நகரப் பூங்காவைப் பாதுகாப்பானதாகவும் எல்லோருக்கும் உரியதாகவும் மாற்றியமைக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் உயரமான சுற்றுவேலி, ஒற்றை நுழைவாயில், கண்காணிப்புக் கேமராக்கள் என்றே தொடங்குவதால், வரைபடம் முடிவாவதற்கு முன்பே இம்மடலை எழுதுகிறேன். வேலியும் கேமராவும் சிலரை வெளியே நிறுத்தலாம். ஆட்களை உள்ளே வரவழைப்பது அவற்றால் ஆகாத காரியம். பூங்காவில் அச்சம் தருவதோ பெரும்பாலும் ஆளரவமின்மைதான்.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1970களில் போதைப்பொருள் விற்பனைக்குப் பெயர்போன இடமாகிவிட்டிருந்தது. அதை ஆராய்ந்த அமெரிக்க நகரவியல் ஆய்வாளர் வில்லியம் ஒயிட், தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடியாதபடி மறைத்த புதர்வேலிகளும் கம்பி வேலிகளும், போதாத நுழைவாயில்களும் தவறானவர்களுக்கே வசதியாக அமைந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினார். தடுப்புகள் அகற்றப்பட்டன, வழிகள் கூட்டப்பட்டன, விரும்பிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகள் போடப்பட்டன. 1992இல் மீண்டும் திறக்கப்பட்ட பூங்காவுக்கு மக்கள் திரளாகத் திரும்பினர். ஒரு பொது இடத்தில் பெண்களின் விகிதம் குறைந்திருந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று கொள்ளலாம் என்பதும் அவருடைய கணிப்பே.

வியன்னாவின் அனுபவம் இதைவிட நுட்பமானது. 1990களில் அங்கே நடந்த ஆய்வில், ஏறத்தாழ ஒன்பது வயதைக் கடந்த சிறுமியர் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதும், சிறுவர்களிடம் அத்தகைய குறைவு இல்லாததும் தெரியவந்தன. சிறுமியரை யாரும் போகச் சொல்லவில்லை. கம்பிவலை சூழ்ந்த, ஒரே வாயில் கொண்ட பந்தாட்டக் களத்தைப் பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டபின், போட்டிபோட்டு இடம் கேட்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவது சிறுமியருக்கு எளிதாயிற்று. 1999இல் மார்கரெட்டன் வட்டாரத்தின் இரண்டு பூங்காக்களில் களங்களுக்குக் கூடுதல் வழிகள் திறக்கப்பட்டு, பெரிய வெளி சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வேறு விளையாட்டுகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டபோது சிறுமியர் திரும்பி வந்தனர். ஆகவே, களத்துக்கு எத்தனை சதுர மீட்டர் என்று தீர்மானிக்கும்போதே அதற்கு எத்தனை வழிகள் என்பதையும் தீர்மானியுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் பொருட்டு வாயிலில் ஒரு சாய்தளம் அமைத்துவிட்டு, உள்ளே சரளைக்கல் பாதை போடுவது வழக்கமாகிவிட்டது. இதைக் கண்துடைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 1:12 என்பது பரவலாக ஏற்கப்பட்ட சரிவு. அதாவது ஒரு மீட்டர் உயரம் ஏற, நடுவே இளைப்பாறும் தளங்கள் நீங்கலாகவே, பன்னிரண்டு மீட்டர் நீளம் வேண்டும். இடம் போதவில்லை என்று சரிவைச் செங்குத்தாக்கினால் சக்கர நாற்காலிக்காரர் அதைப் பயன்படுத்தவே முடியாது. பாதை 1.8 மீட்டர் அகலமிருந்தால்தான் இரண்டு சக்கர நாற்காலிகள் சிரமமின்றி எதிரெதிரே கடக்க முடியும். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தொட்டுணர்ந்து வழியறிய உதவும் தடவழிக் கற்கள் குப்பைத்தொட்டியில் போய் முட்டாமலிருப்பதையும் யாரேனும் ஒருவர் நடந்து பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். மாற்றுத்திறனுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்கு இணையாக விளையாட வேண்டும் என்பதை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு உரிமையாகவே கூறுகிறது. எனவே அவர்களுக்கென்று மூலையில் தனி ஊஞ்சல் போதாது; எல்லோரும் கூடும் விளையாட்டிடத்திலேயே அவர்களும் சேர வழி வேண்டும்.

விளக்கைப் பொறுத்தவரை, கண்ணைக் கூசவைக்கும் சில உயர்ந்த கம்பங்களைவிட, எதிரே வருபவரின் முகம் தெரியுமளவுக்குச் சீராகப் பரவும் மிதமான ஒளியே மேல். அளவுமீறிய வெளிச்சம் அதன் ஓரத்து இருளை இன்னும் அடர்த்தியாக்கும். பாதையோரச் செடிகள் இடுப்பளவுக்கு மேல் வளராமலும், மரக்கிளைகள் தலைக்கு மேலேயே நிற்குமாறும் பராமரித்தால் பார்வை தடைபடாது. சுத்தமான கழிப்பறை இல்லாவிட்டால் முதியோரும் கைக்குழந்தையோடு வருவோரும் அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. அவர்களுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள இருக்கைகளும் வேண்டும். ஆனால், வீடற்றவர் படுத்துவிடக் கூடாதென்பதற்காக இருக்கையின் நடுவே கம்பி பொருத்துவதை, எல்லோருக்குமான பூங்கா என்ற பெயரில் செய்ய வேண்டாம்.

இனி என் கோரிக்கைகள். வருவோரிடம் மட்டும் கருத்துக் கேட்டால், ஏற்கெனவே வசதியாக இருப்பவர்களின் விருப்பமே பதிவாகும். பள்ளி மாணவியரிடமும், மாற்றுத்திறனாளிகளிடமும், மாலைக்குப் பின் வரத் தயங்கும் பெண்களிடமும் அவர்கள் இருக்குமிடம் சென்று கேளுங்கள். அவர்களுள் சிலரோடு இருட்டியபின் பூங்காவைச் சுற்றி நடந்து, அவர்கள் தயங்கி நிற்கும் இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். வேலை தொடங்குமுன்பும், திறந்து ஓராண்டான பின்பும், வெவ்வேறு வேளைகளில் யார் யார் வருகிறார்கள் என்பதை வயதுவாரியாகவும் பாலினவாரியாகவும் எண்ணி, இரண்டு கணக்குகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். பராமரிப்புக்கான தொகையைக் கட்டுமானச் செலவோடு கலக்காமல், ஆண்டுதோறும் தனியாக ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பூங்காவைப் பயன்படுத்தும் ஒரு குடிமகள்