நீ அனுப்பிய லிஸ்டைப் பார்த்து முடித்தோம்

பாளையங்கோட்டை
தை 12

அன்புள்ள ஐயாவுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது. டொராண்டோவில் மைனஸ் 18 டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடாமல் வெளியே இறங்காதே. சின்ன வயசிலேயே உனக்குச் சளி பிடித்தால் காதில்தான் போய் நிற்கும்.

போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து நீ கூப்பிடுகிறாய். அந்த இருபது நிமிஷத்தில் பாதி, சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதிலேயே போய்விடுகிறது. மீதியில் என் காது வாசல் கேட்டில் இருக்கிறது. எழுதினால்தான் முழுசாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது. 32 வருஷம் டைப் அடித்த கை, பேனா பிடித்தால் நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய கோர்ட் படங்களின் லிஸ்டை முடித்துவிட்டோம். "எல்லாம் உன் ஆபீஸ் சமாச்சாரம்தான், பார்த்துவிட்டு எது பிடித்தது என்று சொல்லணும்" என்றாய். வள்ளி மாப்பிள்ளை வந்து டிவியில் வருகிற மாதிரி செய்து கொடுத்தார். ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்துவிடுவோம். நம்ம பழைய படங்களையும் நானே இடையில் சேர்த்துக்கொண்டேன்.

நம்ம படங்களில் நீதிபதி சுத்தியலைத் தட்டி "ஆர்டர் ஆர்டர்" என்பார். நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு நீதிபதி கையிலும் சுத்தியல் பார்த்ததில்லை. கோர்ட்டில் சத்தம் போட்டால் கோர்ட் சேவகர் டவாலி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். சாட்சி கீதை மேல் அடித்துச் சத்தியம் செய்ததும் கிடையாது. முக்கியமாக, வக்கீல்கள் அப்படி மூச்சுவிடாமல் பேசவே முடியாது. கேள்வி, பதில், நீதிபதி அதை வாக்கியமாகச் சொல்லுவார், நான் அடிப்பேன், மூன்று கார்பன். நான் அடித்து முடிக்கிற வரைக்கும் எல்லாரும் காத்திருக்க வேண்டும். 'பராசக்தி'யில் சிவாஜி கூண்டில் நின்று பேசினாரே, அதை டைப் அடித்த பிள்ளை யாரோ, பாவம் என்று சின்ன வயசில் நீ கேட்டாய். இந்தத் தடவை பார்க்கும்போது அது ஞாபகம் வந்தது. 1952 படம், இன்றைக்கும் அந்த வசனத்துக்கு எனக்கு மேல் சிலிர்க்கிறது. ஆனால் கூடப்பிறந்த அண்ணனே நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார் பார், அங்கேதான் இந்தத் தடவை எனக்கு மனசு நின்றது. நிஜத்தில் சொந்தக்காரர் வழக்கை நீதிபதி தொடமாட்டார், வேறு கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டுக்குள் நடக்கிற விசாரணைக்குத்தான் வேறு கோர்ட் இல்லை.

'விதி' எனக்குப் பிடித்த படம். 1984, நான் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம். ஆரூர்தாஸ் வசனம். படத்தின் ஒலிச்சித்திரக் கேசட் டீக்கடை, கல்யாண வீடு என்று பாக்கியில்லாமல் ஓடியது. பகலெல்லாம் நிஜக் குறுக்கு விசாரணை அடித்துவிட்டு வருவேன், பஸ் ஸ்டாண்டில் சுஜாதா ஜெய்சங்கரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பார். ஏமாற்றப்பட்ட ஒரு பெண் கோர்ட்டு வரைக்கும் போய்க் கேட்கலாம் என்பதை அந்தக் கேசட் எத்தனை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோயிற்று! அதைக் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். நீ அதை "சத்தம்" என்றாய். இப்போதும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அப்பாவுக்கு எப்போதும் போல 'கௌரவம்'தான். நீதிபதி பதவி கைக்கு வராத ரோஷத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்த் ஒரு குற்றவாளியைத் தெரிந்தே காப்பாற்றுவதும், வளர்த்த பிள்ளை கண்ணன் எதிர்த்தரப்பில் வந்து நிற்பதும், இரண்டும் சிவாஜி. நம்ம வீட்டில் அது எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. ஆனால் 'பாலூட்டி வளர்த்த கிளி' வரும்போது அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பாட்டு முடிந்தபிறகுதான் வந்தார். இதற்கு முன்னெல்லாம் கூடவே பாடுவார், உனக்குத் தெரியும். நான் பாரிஸ்டரின் மனைவியாக வருகிற பண்டரிபாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கமும் பேச முடியாமல் அந்தப் பக்கமும் பேச முடியாமல்.

வள்ளி குழந்தை எட்டு எடுத்து வைக்கிறது. பாத்ரூமுக்கு வழுக்காத கல் போட்டாயிற்று. மாதாமாதம் நீ அனுப்புவது வந்து சேருகிறது. ராத்திரி வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வராதே, பனியில் சக்கரம் வழுக்குமாம். காதை மூடிக்கொள்.

இங்கிலீஷ் படங்களில் எழுத்து கீழே ஓடுவதால் எனக்குச் சிரமம் இல்லை. 1959-இல் எடுத்த 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்தில் வருகிற நீதிபதியை ரொம்பப் பிடித்துவிட்டது. இவர் நடிக்கவே இல்லையே என்று பார்த்தால், நிஜமாகவே வக்கீலாம். ஜோசஃப் வெல்ச். அமெரிக்காவில் மெக்கார்த்தி என்கிற செனட்டர் எல்லாரையும் கம்யூனிஸ்ட் என்று மிரட்டிக்கொண்டிருந்தபோது, 1954 விசாரணையில் ராணுவத்தின் பக்கம் நின்று அவரை எதிர்த்துப் பேசியவர். அந்தக் கதையை எழுதியவரும் மிஷிகன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அதனால்தான் அந்தக் கோர்ட்டில் எங்கள் கோர்ட் வாடை அடிக்கிறது. சலிப்பு, காத்திருப்பு, சட்டப் புத்தகத்தைப் புரட்டுவது எல்லாம் இருக்கிறது.

கடைசியாகத்தான் '12 ஆங்ரி மென்' போட்டோம். நீ அதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாய்.

படம் முழுக்க ஜூரிதான், குற்றவாளியா இல்லையா என்று கூடிப் பேசிச் சொல்லுகிற சாதாரண ஜனங்கள். இங்கேயும் ஜூரி இருந்தது. 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முழுசாகப் போயிற்று. தாத்தா பாகவதர் கதை சொல்லுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்த காலம். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரி சொல்லி, ஆயுள் தண்டனை ஆயிற்று. அப்போது கடைசி அப்பீல் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தார்கள். "வெளியே வந்தார், பழைய பாகவதர் வரவில்லை" என்று சொல்லித் தாத்தா வெற்றிலையை மடிப்பார்கள். நிரபராதி என்று பின்னால் ஆயிரம் பேர் சொன்னாலும், உள்ளே இருந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்தப் படத்தில் தகப்பனைக் கத்தியால் குத்திவிட்டான் என்று பதினெட்டு வயசுப் பிள்ளை மேல் வழக்கு. ஒரே அறை, பன்னிரண்டு பேர், புழுக்கம். பதினோரு பேர் குற்றவாளி என்று கை தூக்கிவிட்டார்கள், ஒருத்தர் மட்டும் பேசிப் பார்க்கலாம் என்கிறார். அந்த மாதிரிக் கத்தி வேறு எங்கேயும் கிடைக்காது என்று சாதிக்கிறபோது, அதே மாதிரி ஒன்றை எடுத்து மேஜையில் குத்துகிறார். கண்ணால் பார்த்தேன் என்ற பெண்ணின் மூக்கில் கண்ணாடித் தழும்பு இருந்ததை ஒரு பெரியவர் கவனித்துச் சொல்லும்போது, என் கை தானாக என் மூக்குக்குப் போயிற்று. படம் போகப் போக அறை சுருங்குகிற மாதிரி லென்ஸை மாற்றிக்கொண்டே போனார் டைரக்டர் லூமெட் என்று நீ ஒருதரம் சொன்னாய். எனக்கு லென்ஸ் தெரியவில்லை, மூச்சு முட்டியது தெரிந்தது.

கடைசி வரைக்கும் குற்றவாளிதான் என்று நிற்கிறாரே ஒருத்தர், லீ ஜே. காப். அவருக்கும் பிள்ளை உண்டு. ஒன்பது வயசில் சண்டைக்குப் பயந்து ஓடி வந்தான், பதினாறு வயசில் அப்பனையே அடித்தான், பார்த்து இரண்டு வருஷம் ஆயிற்று என்கிறார். இரண்டு வருஷம். நீ வள்ளி கல்யாண மண்டபத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இந்த ஆவணியோடு இரண்டு வருஷம் முடிந்தது. பர்ஸிலிருந்து பிள்ளையின் போட்டோ வெளியே வந்து விழுகிறது, அதைக் கிழிக்கிறார், கிழித்துவிட்டு அழுகிறார். அப்பா ரிமோட்டை எடுத்தார். நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா செய்தது சரி என்று நான் எழுதவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் நகைப்பெட்டிச் சாவியைக் கேட்டு வாங்கியது சரியே இல்லை. ஆனால் நீயும் ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்க வேண்டாம். இவ்வளவு படித்து, இவ்வளவு பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறாய், தெருவில் எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள், அவ்வளவு பெருமை எனக்கு. பெற்றவரிடம் இத்தனை நாள் பேசாமல் இருக்க எப்படி முடிகிறது உனக்கு?

இல்லை. இது எழுத எனக்கு வாயில்லை ஐயா.

சாட்சி கூண்டில் நிற்கிற விதத்தையும் நீதிபதி குறித்து வைக்கலாம் என்று, நான் வேலை பார்த்த காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 280-ஆம் பிரிவு இருந்தது. அழுதார், தயங்கினார், பதில் சொல்லாமல் நின்றார் என்று. நான் எத்தனையோ வாக்குமூலம் அடித்தேன், அப்படி ஒரு வரி அடித்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். பேசாமல் நின்றது காகிதத்தில் ஏறவே ஏறாது. அந்தச் சீட்டுப் பணம் காணாமல் போன வெள்ளிக்கிழமை, நான் அடுப்படி நிலையில் பேசாமல் நின்றதும் எங்கேயும் ஏறவில்லை.

பத்து நாளில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றுதான் மாமா வாங்கிக்கொண்டு போனான். லாரித் தவணை, விட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அழுதான். கூடப்பிறந்தவன். அப்பாவிடம் கேட்டால் தரமாட்டார் என்று நானே பீரோவைத் திறந்து கொடுத்தேன். அவன் மஞ்சள் பையோடு பின்வாசல் வழியாகப் போனதை நீ பார்த்தாய். என்னையும் பார்த்தாய். மார்க் ஷீட் எடுக்க அன்றைக்குக் காலையில் சாவி உன்னிடம் இருந்தது, டியூஷன் காசில் நீ வாங்கிய புது பூட்ஸ் வாசலில் கிடந்தது. கேஷியர் வீட்டில் பணம் குறைகிறது என்றால் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த பூட்ஸை எடுத்துக் காட்டி அவர் உன்னைக் கேட்டார், கை ஓங்கினார், அந்த வார்த்தையைச் சொன்னார். நீ ஒரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். நான் சொல்லியிருக்க வேண்டும். தாலி மேல் ஆணை, சொல்லத்தான் வாயெடுத்தேன். அண்ணன் தம்பி உறவே அறுந்துவிடும் என்ற பயம். பயம் இல்லை, கோழைத்தனம். அடுத்த நாள் கோர்ட்டுக்குப் போய் யாரோ ஒருத்தருடைய உண்மையை மூன்று கார்பனில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டான். பணமும் வரவில்லை. நீ ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. வாராவாரம் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்கிறாய். இரண்டு கோடு போட்டு அந்தப் படத்தை எனக்கு அனுப்பினாயா, அப்பாவுக்கு அனுப்பினாயா என்று தெரியவில்லை. எனக்குத்தான் அனுப்பினாய் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தேதி, தொகை, பை, பின்வாசல், நீ பார்த்தது, ஒன்று விடாமல். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னேன். "அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்தார். விடிகிற வரைக்கும் உள்ளே வரவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பீரோச் சாவி அந்த வெள்ளிக்கிழமை அவர் அரைஞாணில் ஏறியது, இத்தனை வருஷமாக இறங்கவில்லை. குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டார். இன்றைக்குக் காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கிறேன், சாமி படத்துக்குக் கீழே பழைய ஆணியில் தொங்குகிறது.

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு போன் போடு. கோயில் நேரம் வேண்டாம், ராத்திரி ஏழு மணிக்கு மேல் போடு. இங்கே ஏழு என்றால் உனக்குக் காலை எட்டரை, வேலைக்குக் கிளம்புமுன் பேசிவிடலாம். அவருக்கு வலது காது மந்தமாகிவிட்டது, கொஞ்சம் சத்தமாகப் பேசு. எடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லமாட்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

இப்படிக்கு,
அம்மா