கரிப்பெட்டி அண்ணனுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

கைவினைப் பரிமாற்றக் குழுவின் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும், எங்கள் மாயவரம் கூறைநாட்டுத் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

பரிமாற்றத்துக்கு நான் தைத்த குட்டிக் குவில்ட் பார்சலில் போய்விட்டது. தபால் நிலைய ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் முழுகும் கடைமுழுக்கு முடிந்த கையோடு வந்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் சேர்ந்து பட்டதுதான். சம்பாப் பயிர் மூழ்கி நிற்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. ஒரு முழம்கூட இல்லாத துணிக்கு இத்தனை நன்றியா என்று அவர்களுக்குத் தோன்றினால் அது நியாயம்தான். ஆனாலும் பரிமாற்றத்தில் எனக்கு ஜோடியாக வந்த ஈரோட்டுக்காரர் எனக்காக ஒரு குட்டிக் குவில்ட் தைத்து முடித்துக் காத்திருந்தார். பதிலுக்கு என்னுடையது போய்ச் சேராவிட்டால் அவர் உழைப்புக்குப் பதிலாக அவர் கைக்கு ஒன்றும் வராது. அந்தக் கவலை தண்ணீர் வடிந்த பிறகும் என்னை விடவில்லை.

தெருக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துத் தைப்பது குவில்ட். நான் செய்வது அதன் சின்ன வடிவம், பக்கத்துக்கு 12 அங்குலம். எடுத்துக்கொண்டது லாக் கேபின், அதாவது மரக்கட்டை வீடு, என்ற பழைய அமெரிக்க அமைப்பு. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி மரக்கட்டை அடுக்கியதுபோல் துணிப் பட்டைகள். நடுச் சிவப்பு வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்பார்கள். என் அளவில் அந்தச் சிவப்பு அரை அங்குலம், ஒவ்வொரு பட்டையும் கால் அங்குலம், மூன்று சுற்று. இப்படி 36 கட்டங்கள். இவ்வளவு குறுகலான பட்டையை நேராகத் தைக்க, தாளில் கோடு போட்டு அந்தத் தாளோடு சேர்த்தே தைப்போம். அப்புறம்தான் தாளைக் கிழித்து எடுப்போம். தண்ணீர் வந்தபோது என் கட்டங்கள் எல்லாம் தாளோடுதான் இருந்தன.

தாள் கூழாகிவிட்டது. துணி கோணிக்கொண்டது. சிவப்புச் சாயம் பக்கத்துப் பட்டைகளில் இறங்க ஆரம்பித்திருந்தது. மின்சாரம் இல்லை. அந்த ஈரப் பொட்டலத்தை ஒரு தூக்குவாளியில் போட்டு, ரேஷன் கடைத் தாழ்வாரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தியிருந்த நம் இஸ்திரி அண்ணனிடம் கொண்டுபோனேன். கரிப்பெட்டிக்குக் கரண்ட் வேண்டாமே என்ற ஒரே நினைப்புதான். அவர் குடிசையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அடுப்பு மூட்ட விறகில்லாத நாளில், எங்கேயோ காயவைத்த கொட்டாங்கச்சிக் கரியில் பெட்டியைப் பற்றவைத்து, பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் துணிகளைத் தேய்த்தே உலர்த்திக்கொண்டிருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பெட்டியைத் தொடவே இல்லை.

"தங்கச்சி, இப்பப் பெட்டி போடக் கூடாது. சூடு பட்டா செவப்பு அப்படியே புடிச்சுக்கும். காயவும் விடாத. நல்ல தண்ணியில அலசிட்டு வா."

தெருவில் ஓடியதெல்லாம் சேற்றுத் தண்ணீர். அவரே வண்டிக்குப் பின்னாலிருந்த அண்டாவைக் காட்டினார், ஓட்டுக்கூரைச் சொட்டில் பிடித்த மழைத்தண்ணீர். அவர் குடும்பத்துக்குப் பிடித்து வைத்தது. அதில் மொண்டு மொண்டு, சிவப்பு இறங்குவது நிற்கும்வரை அலசினேன். தாள் கூழ் எல்லாம் அதிலேயே கழன்று வந்துவிட்டது.

அப்புறம் அவர் கேட்டார், "ஒவ்வொண்ணும் என்ன அளவு இருக்கணும்?" தையலுக்கு விடும் ஓரத்தோடு சேர்த்து இரண்டரை அங்குலம் என்றேன். என் டேப்பை வாங்கி, பலகை மேல் விரித்திருந்த துணியில் சாக்குக்கட்டியால் இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்று போட்டார். ஒவ்வொரு கட்டத்தையும் அந்தச் சதுரத்துக்குள் வைத்து, நான்கு மூலையையும் விரல் நுனியால் கோட்டுக்கு இழுத்துப் பொருத்தி, மேலே பழைய வெள்ளை வேட்டித் துண்டைப் போட்டு, பெட்டியை வைத்தார், எடுத்தார். தேய்க்கவில்லை. இழுத்துத் தேய்த்தால் இந்த மாதிரிச் சின்னத் துண்டு கோணிவிடும் என்று குவில்ட் தைக்கிற நமக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகவே அப்படிப் போயிற்று. சாம்பல் ஒரு பொட்டுகூட விழாதபடி ஒவ்வொரு முறையும் பெட்டியை வெளிப்பக்கமாகத் திருப்பி ஊதிக்கொண்டார். கல்யாணப் பட்டு வேட்டிக்குக் காட்டும் அதே கவனம். முப்பத்தாறும் முடியும்வரை அந்தக் கவனம் குறையவில்லை.

காசு கேட்கவே இல்லை. நான் நீட்டியபோது, "சட்டைக்கு ரேட் இருக்கு, புடவைக்கு ரேட் இருக்கு. இதை எதுல சேர்க்கறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துவிட்டார்.

அண்ணே, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், உங்கள் மகள் படித்துக் காட்டுவாள். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. மிக்க நன்றி. அந்த அண்டாத் தண்ணீருக்குத் தனியாக நன்றி.

இன்னும் எத்தனையோ பேர். தையல் மெஷினை மாடிப்படியில் தூக்கி வைத்த எதிர்வீட்டுப் பையன்கள், பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சோறு வடித்துப் போட்டவர்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்று லைன் சரிசெய்த மின்வாரிய ஊழியர்கள், நனையாத பஞ்சைத் தன் பங்கிலிருந்து வெட்டிக் கொடுத்த டெய்லர் அக்கா, தேரில் தொங்கவிடும் துணித் தோம்பை தைக்கும் தன் வீட்டிலிருந்து ஊசியும் கெட்டி நூலும் அனுப்பிய தஞ்சாவூர்த் தோழி, அவசரமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்ன என் ஈரோட்டு ஜோடி. யார் பெயரையும் போடவில்லை, போட்டால் நிச்சயம் ஒருவர் விட்டுப்போவார்.

பார்சல் அனுப்பும் கெடு தாண்டியதும் பரிமாற்றப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். பரிமாற்றத்தை நடத்தும் திருவாரூர் அக்கா ஒரே வரியில் பதில் சொன்னார்: "மாயவரத்துக்காரிக்கு முடவன் முழுக்கு தெரியாதா?" ஐப்பசிக் கடைசி நாள் முழுக்கைத் தவறவிட்ட முடவனுக்குக் கார்த்திகை முதல் நாளைக் கொடுத்த ஊர் இது. அதைப் படித்ததும் அழுதுவிட்டேன், அன்று இரவே மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, தை மாதச் சுற்றுக்கு எனக்கு ஜோடி போட வேண்டாம். அனுப்பியும் பதிலுக்கு எதுவும் வராமல் யாராவது நின்றால் அவர்களுக்கு ஈடு தைத்துக் கொடுப்பவர்கள் பட்டியலில் என்னை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வந்தாலும் தைப்பேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இஸ்திரி அண்ணன் பலகையில் விரித்திருந்த கம்பளி ஊறிப்போய் நாறுகிறது. அதற்குப் பதிலாக, கனமாக அடுக்கித் தைத்த விரிப்பு ஒன்று செய்யப்போகிறேன், பலகையை அளந்தும் வந்துவிட்டேன். பழைய பருத்தி வேட்டி, பருத்திப் போர்வை இருப்பவர்கள் கொடுங்கள். பாலியஸ்டர் கலந்தது மட்டும் வேண்டாம், கரிப்பெட்டிச் சூட்டுக்கு உருகிவிடும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, துவைத்துக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன்.