டையின் நீளம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் நம் மாணவர்கள் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கும் விழா நாட்களுக்கும் டை அணிந்து வர வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. அதன் நீளத்தைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. சென்ற திங்களன்று வரிசையில் நின்ற ஒருவனுக்கு டை மேல்வயிற்றோடு நின்றுவிட்டது. அடுத்தவனுக்கோ பெல்ட்டைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. மதிய உணவின்போது அதன் நுனி சாம்பாரில் தோய்ந்துவிட, பிள்ளை குழாயடியில் நின்று அதைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

வேட்டியின் கரை எங்கே நிற்க வேண்டும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டைக்கும் அப்படி ஓரிடம் உண்டு. நிமிர்ந்து நிற்கும்போது அகலமான பக்கத்தின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்க வேண்டும். பாவாடை அணியும் பிள்ளைகளுக்கு அதன் இடுப்புப்பட்டையே அளவு.

விசாரித்ததில், பல வீடுகளில் வாங்கிய அன்று யாரோ போட்டுக்கொடுத்த முடிச்சு அவிழ்க்கப்படாமலேயே ஆணியில் தொங்குவதும், திங்கட்கிழமை அதைத் தலைவழியே மாட்டி இறுக்கி அனுப்புவதும் தெரிய வந்தது. இது குறுவை நடவுக் காலம். விடியுமுன் வயலுக்குப் போய்விடும் பெற்றோர் பலர் என்பதால், பிள்ளையைக் கிளப்பி அனுப்பும் பாட்டிமார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறான், முடிச்சு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நீளத்தைத் தீர்மானிப்பது முடிச்சு போடும் முன் குறுகிய பக்கத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான். காலரைத் தூக்கிவிட்டு, டையைக் கழுத்தில் போட்டு, குறுகிய நுனியைச் சட்டையின் ஏதேனும் ஒரு பொத்தானுக்கு நேராக நிறுத்துங்கள். அகலப் பக்கத்தை அதன் மேல் குறுக்காகப் போட்டு, பின்புறமாகச் சுற்றி, மீண்டும் முன்னால் கொண்டுவந்து, கழுத்தருகே உள்ள வளையத்தில் கீழிருந்து மேலாக நுழைத்து, முன்னால் விழுந்த சுற்றின் வழியே கீழே இழுத்தால் எளிய முடிச்சு விழுந்துவிடும். நுனி பக்கிளுக்குக் கீழே போனால், அவிழ்த்துக் குறுகிய பக்கத்தைக் கீழே இறக்கித் தொடங்குங்கள். மேலே நின்றுவிட்டால் ஏற்றுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, டைதான் சரியில்லை என்று கடைக்காரரிடம் போகிறார்கள். எதிரே நின்று கட்டினால் இடவலம் குழம்பும். பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்திப் பின்னால் நின்று கட்டுவது எளிது.

சரியான இடம் கிடைத்ததும், காலரின் மேல் பொத்தானுக்கு நேரே வரும் இடத்தில், டையின் உட்பக்கத்தில் நீல நூலால் ஒரு தையல் போட்டுவையுங்கள். அடுத்த வாரம் பாட்டியே அந்தத் தையலைப் பார்த்துக் கட்டிவிடுவார். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அளவை ஒரு முறை சரிபார்த்துத் தையலை மாற்றிக்கொள்ளலாம்.

பெரியவர்களின் டை ஏறத்தாழ 58 அங்குலம் இருக்கும். அண்ணனுடையதையோ அப்பாவுடையதையோ சிறு பிள்ளைக்கு அணிவிப்பதாயின், அகலப் பக்கத்தை இன்னொரு சுற்று சுற்றினால் மிகுதியை முடிச்சே வாங்கிக்கொள்ளும். பின்னால் குறுகிய வால் நீண்டு தெரிந்தால் டையின் பின்புற வளையத்தில் செருகிவிடுங்கள். கத்தரியால் வெட்டிவிட வேண்டாம். சென்ற ஆண்டு அப்படி வெட்டிக் கொண்டுவந்த ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு டை கட்டாயமில்லை. அணிந்தால் எலாஸ்டிக் வைத்ததே போதும், இழுபட்டால் அது விரிந்து கொடுக்கும். பெரிய பிள்ளைகளும் விளையாட்டு வேளையிலும் ஆய்வகத்தில் விளக்கருகிலும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். குளிர்நாட்டிலிருந்து வந்த இந்த உடுப்பை நம் புழுக்கத்தில் வாரம் முழுவதும் கட்டச்சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்திற்கு வரும்போது பிள்ளையின் டையையும், ஊசியில் கோத்த நூலையும் கையோடு கொண்டுவாருங்கள். உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு பார்த்துக் குறித்துத் தருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்