நகரும் கை கழுவும் தொட்டிகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

குடமுழுக்கும் மண்டல பூஜையும் நல்லபடியாக முடிந்தன. கடைசியாகச் சேர்த்த வேலையான கை கழுவும் தொட்டிகளின் கணக்கு மட்டும் பாக்கி. தொட்டிக்குத் தனி அறிக்கையா என்று சிலர் கேட்டார்கள். கோபுரத்துக்கு வராத சண்டை இதற்குத்தான் வந்தது!

மதில் பூச்சு நடந்தபோதுதான் இந்த யோசனை வந்தது. கொத்தனாரும் சித்தாள்களும் ஒரே வாளித் தண்ணீரில் கையை முக்கிவிட்டு டீ குடித்தார்கள். சிமெண்டின் காரம் ஏறி விரலிடுக்கெல்லாம் புண். சரி என்று 200 லிட்டர் நீல டிரம் ஒன்றில் இரண்டு குழாய் போட்டு, சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினோம். நிறைத்துவிட்டுத் தள்ளினால் சக்கரம் மண்ணில் புதைந்துவிட்டது. தண்ணீர் மட்டுமே 200 கிலோ ஆயிற்றே. இப்போது காலி டிரம்மைத்தான் நகர்த்துகிறோம்; இடத்தில் நிறுத்தி, ஸ்டாண்டுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த பிறகே நிரப்புகிறோம்.

அன்னதானத்துக்கு மேலும் மூன்று செய்தோம். ஆளுக்கு அரை லிட்டர், ஒரு டிரம்முக்கு 400 பேர் என்று கணக்குப் போட்டது குழுவின் தவறு. சாப்பிடுமுன் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை என்பது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது பந்தி எழும்போதே குழாயில் காற்றுதான் வந்தது. இனி 200 பேருக்கு ஒரு டிரம், பக்கத்திலேயே லாரித் தண்ணீர்.

அதைவிடப் பெரிய கோளாறு, கழுவிய தண்ணீர் போகும் வழியை யோசிக்காதது. பந்தல் வாசல் சகதியாகி ஓர் ஆச்சி வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. மறுநாளே வாசலை விட்டுத் தள்ளி மூன்றடிக்குக் குழி வெட்டி, மடைப்பள்ளி இடித்த செங்கல் துண்டுகளைக் கொட்டினோம். தொட்டிக்கு அடியில் தகரத் தாம்பாளம் வைத்து, அதிலிருந்து குழிக்குக் குழாய் விட்டாயிற்று.

சோப்பைக் காகம் தூக்கிக்கொண்டு போனது இன்னொரு கதை. நைலான் வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் நிலைத்தது. ஒரு தொட்டியில் குழாயைக் குழந்தைகள் எட்டும் உயரத்துக்கு இறக்கியிருக்கிறோம். அதில் பெரியவர்கள் கால் கழுவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டு விசேஷத்துக்கோ கட்டட வேலைக்கோ தொட்டி வேண்டுவோர் முதல் நாளே சொல்லி வையுங்கள். வாடகை இல்லை, கழுவிக் கவிழ்த்துத் திருப்பித் தர வேண்டும். மூன்றாம் எண் தொட்டியில் ஒரு குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்கியாயிற்று, இந்த வாரம் மாற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு