முதல் நாளிலேயே பி12 பற்றிச் சொல்லிவிடுங்கள்

தாவர உணவு வாழ்வைப் பரப்பும் அமைப்புகளுக்கும், புதியவர்களுக்கு வழிகாட்டும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். இறைச்சி, முட்டை, பால், தேன் எல்லாம் விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. திரும்பிப் போகும் எண்ணம் துளியும் இல்லை. கீழே எழுதியிருப்பதை எதிர்முகாமின் குரல் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

ஐந்தாம் ஆண்டில் ஒருநாள் காலை என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பொத்தான் கையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, விரல் நுனிக்கு மட்டும் தெரியவில்லை. கண்ணாடி முன் நின்று, பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினேன். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வெறுங்காலில் நடந்தால் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே துணி விரித்தது போல இருக்கும். அலுப்பு என்று விட்டுவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. "மாத்திரை எடுத்துக்கணும்னு யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்று கேட்டார் மருத்துவர்.

சொல்லவில்லை. நானாகக் கேட்டபோதும், "செடி கொடியில் இல்லாத சத்தே கிடையாது" என்றுதான் பதில் வந்தது. சொன்னவர்கள் நல்லவர்கள், நம்பித்தான் சொன்னார்கள். ஊசி போட்டு, விரல்களில் உணர்வு திரும்ப ஓராண்டு பிடித்தது. இடது காலில் இரண்டு விரல்கள் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை.

பி12-ஐத் தாவரமும் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை. அது நுண்ணுயிர்களின் வேலை. ஆடு மாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுதான் பாலுக்கும் இறைச்சிக்கும் வந்து சேர்கிறது. செடிக்கு அது தேவையே இல்லை, அதனால் அதில் தங்குவதும் இல்லை. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியை நம்பச் சொல்பவர்கள் உண்டு. அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்கு உதவாத போலி வடிவம்.

வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம், அவ்வளவுதான். கல்லீரல் சில ஆண்டுகளுக்கான இருப்பைச் சேர்த்து வைத்திருக்கும். வினையே அங்குதான். முதல் ஆண்டு ஒன்றும் ஆகாது, இரண்டாம் ஆண்டும் ஆகாது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அந்தப் புதியவரே மேடையேறி அடுத்தவருக்குச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் மனம் குன்றுகிறது. இன்னொன்று: கீரையிலும் பருப்பிலும் இருக்கும் ஃபோலேட் என்ற வைட்டமின் நம் உணவில் தாராளம். பி12 குறையும்போது வரவேண்டிய ரத்தசோகையை அது மறைத்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நரம்பு பழுதாகிக்கொண்டிருக்கும். தாய்க்குப் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பச்சைக் குழந்தையின் உடலில் பெரிய இருப்பு ஏது? ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது, மாதங்களிலேயே வளர்ச்சி பின்தங்கும். என்னை இந்த மடலை எழுத வைத்தது இந்த ஒரு விஷயம்தான்.

இங்கிலாந்தில் 1944-இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும், பால் முட்டைகூட உண்ணாதவரைக் குறிக்க 'வீகன்' என்ற சொல்லை உருவாக்கிச் சங்கம் தொடங்கியபோது, பி12 இன்னும் பிரித்தெடுக்கப்படவே இல்லை. அது நடந்தது 1948-இல். அந்த முன்னோடிகள் இருட்டில் நடந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. அவர்கள் தொடங்கிய அதே சங்கம் இன்று பி12 எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. மாத்திரை என்று வாயெடுத்தால், "பார்த்தாயா, இயற்கைக்கு மாறான வாழ்க்கை" என்று எதிராளி பிடித்துக்கொள்வான் என்ற அச்சம். பிடித்துக்கொள்ளட்டும். அந்த மாத்திரையில் இருக்கும் பி12-உம் நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பதுதான், அதற்கு எந்த விலங்கும் வேண்டியதில்லை. இறைச்சி உண்பவர்களுக்கும் வயதாக ஆக உணவிலிருந்து பி12 பிரிந்து சேர்வது குறைகிறது. உப்பில் அயோடின் சேர்ப்பதை யாரும் தோல்வியாகப் பார்ப்பதில்லையே! நம் கொள்கைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது மாத்திரை அல்ல. உடம்பு கெட்டு, மனம் கசந்து, பழைய உணவுக்கே திரும்பிப் போனவர் பத்துப் பேரிடம் சொல்லும் கதைதான்.

ஆகவே நான் கேட்பது இது. புதியவர் கையில் நீங்கள் கொடுக்கும் முதல் தாளில், சமையல் குறிப்புக்கும் முன்னால், பி12 இருக்கட்டும். தினமும் என்றால் 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை என்றால் 2000 என்று அளவோடு எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணும் ஏன் பொருந்தவில்லை என்று பலர் குழம்புவார்கள். ஒரு வேளைக்கு உடல் முறையாக உறிஞ்சுவது இரண்டு மைக்ரோகிராம் அளவுதான், அதற்கு மேல் போனதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே சேரும். அதனால்தான் இடைவெளி கூடக் கூட அளவும் அவ்வளவு கூடுகிறது. இந்த விளக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள், காரணம் தெரிந்தால்தான் கைவிடாமல் எடுப்பார்கள். அயோடின், வைட்டமின் டி, ஒமேகா-3 பற்றியும் ஓரிரு வரி போதும். கருவுற்றவர்களையும் பாலூட்டுபவர்களையும் மருத்துவரிடம் அனுப்புங்கள், நாமே ஆலோசனை சொல்ல வேண்டாம்.

போன மாதம் ஒரு பெண் பேசினார். மூன்று ஆண்டுகளாக வீகன். கால்களில் எறும்பு ஊறுவது போல இருக்கிறதாம். "நச்சு வெளியேறுகிறது, சரியாகிவிடும்" என்று அவருடைய குழுவில் சொன்னார்களாம். மறுநாளே பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். போனார்.

உங்கள் அடுத்த துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் எனக்குச் சொல்லியனுப்புங்கள். அந்தப் பகுதியை நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்