ஆரத்தை விற்ற பிறகுதான் மூச்சு விட்டோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடனிலிருந்து மீள்வது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். செலவைக் குறையுங்கள், மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தது மாதச் சம்பளம் வருகிற வீட்டுக்கு நல்ல யோசனைதான். மழை பெய்தால் வருமானம் நின்றுபோகிற எங்களை மாதிரி வீட்டில் என்ன செய்வது என்று அதில் இல்லை. நாங்களும் முழுசாகக் கரையேறிவிடவில்லை, ஆனால் பாதிக்கு மேல் அடைத்துவிட்டோம், அது எப்படி என்று எழுதினால் யாராவது ஒருத்திக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறார், நான் வீட்டிலிருந்தே துணி தைக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் மழைத்தண்ணீரோடு ஓடிவிடும். அப்புறம் தை மாசியில் இலை உதிர்கிற நேரம் மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இத்தனை நாளும் குழுத் தவணை மட்டும், அதாவது பெண்களைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் நிறுவனங்கள் கொடுக்கிற கடனுக்கான தவணை, வாரம் தவறாமல் வந்து நிற்கும்.

எனக்கு இரண்டு குழுவில் கடன் இருந்தது. ஒவ்வொன்றிலும் 40,000, வாரம் 870 ரூபாய், 52 வாரம். இரண்டாவது கடன் கொடுக்கும்போது நிறுவனத்திலிருந்து வந்த பையன் எங்கள் மாத வருமானத்தை 25,000 என்று அவனே படிவத்தில் எழுதிக்கொண்டான். நல்ல மாதத்திலேயே எங்களுக்கு 19,000தான் வரும். நானும் பணம் கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு.

2023 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை என்னால் கட்ட முடியவில்லை. குழுவில் பத்துப் பேர், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போக முடியாது. அன்றைக்கு ராத்திரி எட்டரை மணி வரை எங்கள் திண்ணையில் வசூல்காரரும் அந்தப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அக்காவுக்குக் கைக்குழந்தை, பால் குடிக்க அழுதுகொண்டே இருந்தது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல் நான் பின்வாசல் வழியாகப் போய் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் 10,000 வாங்கி வந்தேன். ஐந்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அடுத்த மழையில் இன்னும் 20,000. ஆக 30,000க்கு மாதம் 1,500 வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன், தைத்த காசு முழுக்க அதற்கே போனது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

இது போதாதென்று என் கல்யாண ஆரம், மூன்று பவுன், ஒரு தனியார் கடையில் பணயத்தில் இருந்தது. 2019-இல் மகனுடைய படிப்புக்கு 45,000க்கு வைத்தது. பவுன் விலை ஏறும்போதெல்லாம், இப்போது கூடத் தருவார்களே என்று அதே ஆரத்தின் மேல் மறுபடி மறுபடி வாங்கி 1,10,000 ஆக்கிவிட்டோம். மாதம் இரண்டு வட்டி, 2,200 ரூபாய். தங்கம் விலை ஏற ஏற நமக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஏறினது எங்கள் கடன்.

2024 ஆவணியில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, வீட்டுக்காரர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் புறப்படுகிற நேரம், கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஐந்து வட்டியைச் சொல்லும்போது கை நடுங்கியது. அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு மகனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வா என்றார். அன்றைக்கு வெட்டுக்கே போகவில்லை. யாருக்கு எவ்வளவு, மாதம் எவ்வளவு போகிறது, அதில் வட்டி எவ்வளவு என்று எழுதிப் பார்த்தோம். மளிகைக்கடைப் பற்று 6,500 தனி. வட்டியும் தவணையுமாக மாதம் 11,200 வந்தது, 19,000 வருமானத்தில்! எழுதிப் பார்க்கிற வரை இரண்டு பேருக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

ஆரத்தை விற்றுவிடலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். நான் அழுதேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை என்றால் அது வெறும் நகை இல்லை, ஒரு கல்யாண வீட்டுக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அம்மை ஒரே கேள்வி கேட்டாள்: அஞ்சு வருசமா நீ அதைப் போட்டியா மக்களே? போடவில்லை. பீரோவில் இருந்தது ரசீதுதான்.

அண்ணன் ஒரு நாளைக்கென்று கொடுத்த பணத்தில் ஆரத்தைத் திருப்பினோம், மூன்று மாத வட்டி பாக்கி 6,600 சேர்த்து. அப்படியே நகைக்கடைக்குக் கொண்டுபோய்க் கண்முன்னாலேயே எடை போட வைத்தோம். அரக்கு, அழுக்கு என்று அரை கிராம் கழித்தார்கள், அது போக அவர்கள் பிடித்தம் கொஞ்சம். கையில் 1,53,000 வந்தது. சாயங்காலமே அண்ணன் பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதியில் அந்த ஐந்து வட்டிக்காரரிடம் 31,500 எண்ணி வைத்து, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வெற்றுத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி அங்கேயே கிழித்தோம். (இதை மறக்காதீர்கள், பணம் கொடுக்கும்போதே தாளை வாங்கிவிட வேண்டும், நாளைக்குத் தருகிறேன் என்றால் நாளைக்கே பணமும் என்று சொல்லிவிடுங்கள்.) மிச்சம் 4,900 மளிகைக்கடைக்கு. ஒரே நாளில் மாதம் 3,700 ரூபாய் வட்டி நின்றது. அந்த 3,700ஐச் செலவுக்கு விடாமல் ஒரு குழுக் கடனை முன்கூட்டியே அடைக்கப் போட்டோம். முன்னால் கட்டினால் அபராதம் உண்டு என்று வசூல்காரர் சொன்னார். அப்படி எதுவும் கிடையாது, 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதியிலேயே குழுக் கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. தெரிந்துகொண்டு கேட்டதும் விட்டுவிட்டார்கள்.

2025-இல் பவுன் 90,000 தாண்டிய அன்று நாத்தனார் போன் பண்ணி, பார்த்தியா, வச்சிருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும் என்றாள். கணக்குப் பார்த்தால் அவள் சொல்வது சரிதான், எனக்கும் அன்று மனசு கனத்தது. ஆனால் ஐந்து வருடம் நாங்கள் செய்தது எனக்குத் தெரியுமே. விலை ஏறிய ஒவ்வொரு தடவையும் கூடுதலாக வாங்கினோம், விற்காமல் இருந்திருந்தால் இந்தத் தடவையும் வாங்கியிருப்போம். ஐந்து வட்டியும் கூடவே ஓடியிருக்கும். விற்க மனம் வராதவர்கள் குறைந்தது இடத்தையாவது மாற்றுங்கள். இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்தால் அதில் பாதிக்கும் கீழே.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகிப்போனது எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில்தான். அதற்கு முன்னாலேயே, 2003-இலேயே, கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் இருந்தது. கட்டாய வசூலைத் தடுக்க 2025 ஏப்ரலில் இன்னொரு சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எங்கள் குழுவில் இருந்த பத்துப் பேரில் ஒருத்திக்கும் இது எதுவும் தெரியாது. குழுக் கடன் வசூலுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகும் வரக் கூடாது, ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. இவ்வளவையும் பெரிய எழுத்தில் ஒரு கட்டத்துக்குள் போட்டுத் தாருங்கள். வெட்டியெடுத்துக் கடன் அட்டையோடு வைத்துக்கொள்ளலாம். ராத்திரி எட்டரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருந்தால் அந்தக் கைக்குழந்தைக்காரி அன்றைக்கு வீட்டுக்குப் போயிருப்பாள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மார்த்தாண்டம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்